சிதம்பரம் – வேளாங்கண்ணி, ஆகஸ்ட் 29: கொடியேற்றத்தைத் தவறவிட்ட நாள்

#1 அடையாறு_மிதி

சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு மூன்று நாள் சைக்கிளில் போய்விட்டு வந்து ஒரு வாரம் ஆகிறது. முதல் இரண்டு நாள் பாதையைப் பற்றி இங்கே பலரும் எழுதிவிட்டீர்கள். ஈ.சி.ஆர். எல்லாருக்கும் மனப்பாடம். மூன்றாம் நாளில் நடந்தது மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பதினோரு பேர் போனோம், அதில் இரண்டு பேர் பெண்கள். என்னைத் தவிர எல்லாரும் கிறிஸ்தவர்கள். ஆறு பேர் ஆர்.சி. (கத்தோலிக்கர்), மூன்று பேர் சி.எஸ்.ஐ., ஒருவர் லுத்தரன் (இந்த நாலு பேரும் புராட்டஸ்டண்ட்). அலுவலகத்து அண்ணன் ஒருவர் கூப்பிட்டதால் நான் சேர்ந்தேன். அவர்தான் குழுவை நடத்தினார், ஆர்.சி.க்காரர். போன வருடம் ஏதோ நேர்ச்சை செய்திருக்கிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். 2020, 2021 இரண்டு வருடமும் கொரோனாவால் பக்தர்கள் இல்லாமலே திருவிழா நடந்தது. இந்த 2022-ல்தான் மறுபடி கூட்டத்தை விட்டார்கள்.

சனிக்கிழமை புதுச்சேரி வரை. ஞாயிறு காலை ஆர்.சி.க்காரர்கள் பூசைக்கும் மற்றவர்கள் ஆராதனைக்கும் போய்விட்டு வந்த பிறகுதான் கிளம்பினோம். அதனால் அன்றைக்குச் சிதம்பரத்தோடு சரி. திங்கள்கிழமை ஆகஸ்ட் 29, மிச்சம் ஏறக்குறைய 100 கி.மீ. அன்று மாலை கொடியேற்றம். அதைப் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே நாளைக் கணக்குப் போட்டுக் கிளம்பியிருந்தோம்.

காலை 5 மணிக்கு லாட்ஜ் வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வட்டமாக நின்றார்கள். 52 வயது டீச்சர் ஒருவர் 121-ஆம் சங்கீதத்தைப் பார்க்காமலே சொன்னார். மலைகளை நோக்கிக் கண்ணை உயர்த்துகிறவன் பாடுவது அது. டெல்டாவில் மலைக்கு எங்கே போவது? எங்களுக்கு ஆற்றுப் பாலங்கள்தான் ஏற்றம். ஆனாலும் இருட்டில் அந்தக் குரலைக் கேட்க நன்றாக இருந்தது. முதல் நாளே எனக்கு ஒரு விதி சொல்லியிருந்தார்கள்: எங்கே நிறுத்தினாலும் கடைசி ஆள் வந்து இறங்கி, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி முடித்த பிறகுதான் ஜெபம். ஜெபம் முடிந்த பிறகுதான் மற்றவர்கள் வாயில் எதையும் போடலாம்.

கொள்ளிடம் பாலத்தில் விடிந்தது. இந்த வருடம் மேட்டூரை மே 24-லேயே திறந்துவிட்டார்கள். ஜூலையில் அணை நிரம்பியதிலிருந்து உபரித் தண்ணீருக்குக் கொள்ளிடம்தான் வழி. மணல் கண்ணில் படவே இல்லை. கரைக்குக் கரை காவி நிறத்தில் தண்ணீர், நாணல் தலை மட்டும் வெளியே. பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள் என்று அண்ணன் கத்திக்கொண்டே போனார். யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

அங்கிருந்து சீர்காழி தாண்டும்வரை பழைய ரோட்டில் போனோம். புறவழிச்சாலையில் கிலோமீட்டர் சீக்கிரம் ஓடும், ஆனால் நிழல் கிடையாது. பழைய ரோட்டில் இன்னொரு தொல்லை. சீக்கிரம் தண்ணீர் வந்ததால் குறுவையும் சீக்கிரம் அறுப்புக்கு வந்து, பாதி ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. நெல்லின் மேல் பிரேக்கைத் தொட்டால் சக்கரம் வழுக்கும். காவலுக்கு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி "மெதுவா போங்க சாமி, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நெல்லுக்காகச் சொன்னாரா எங்களுக்காகவா தெரியாது, இறங்கித் தள்ளிக்கொண்டே போனோம்.

திருக்கடையூரில் மாலையும் கழுத்துமாக அறுபதாம் கல்யாண ஜோடிகள். ஒரு குடும்பம் எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டுச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தது. டீச்சர் வாங்கிச் சாப்பிட்டார். சி.எஸ்.ஐ. தம்பி ஒருவன் படைத்ததைச் சாப்பிடும் வழக்கம் இல்லை என்று கைகூப்பிச் சொன்னான். கொடுத்த அம்மா முகம் மாறாமல் "சரி, இதை எடுத்துக்கப்பா" என்று இரண்டு வாழைப்பழத்தை அவன் கையில் வைத்தார்.

தரங்கம்பாடிக்கு 11 மணி. வெயில் இறங்கும்வரை அங்கேதான் இருந்தோம். டேனிஷ்காரர்களின் கோட்டை 1620-ல் கட்டியது. அதற்கு எதிரே தெருவில் புது எருசலேம் ஆலயம், 1718. எங்கள் லுத்தரன் நண்பர் மூன்று நாளாக அதிகம் பேசாதவர். அந்த ஆலயத்துக்குள் போனதும் ஆளே மாறிவிட்டார். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9-ல் இந்தக் கரையில் இறங்கியது, தமிழ் படித்தது, அச்சுக்கூடம் போட்டது, 36 வயதில் இறந்து இதே ஆலயத்தில் அடக்கமானது என்று கல்லறைப் பக்கத்தில் நின்று சொன்னார். தமிழில் முதன்முதலாக அச்சடித்த ஊர் இதுதான் என்றும் சொன்னார்.

இரண்டரைக்குக் கிளம்பினோம். எல்லாம் இறங்கியது அதற்குப் பிறகுதான். கடல்காற்று இடது பக்கம் முன்னாலிருந்து அறைந்தது. நண்டலாறு தாண்டிக் காரைக்கால் நெரிசல். வாஞ்சூர் பக்கம் துறைமுகத்து நிலக்கரி லாரிகள். நாகூர் நெருங்கும்போது எங்கள் கடைசி ஆளின் வேகம் 12 கி.மீ.க்கு வந்துவிட்டது. குட்டியானை வண்டி பின்னாலேயே வந்துகொண்டிருந்தது, ஏறிக்கொள்ளச் சொன்னோம், வேண்டாம் என்றார்.

நாகப்பட்டினம் புத்தூர் ரவுண்டானாவில் மணி 5.50. இன்னும் பத்துப் பன்னிரண்டு கி.மீ. நானும் இன்னும் மூன்று பேரும் மிதித்திருந்தால் கொடியைப் பிடித்திருக்கலாம். அண்ணனும் சொன்னார்: "போறவங்க போங்க, தப்பா நினைக்க மாட்டேன். நான் பின்னால அவரோட வர்றேன்." யாரும் நகரவில்லை. நான் பெடலில் கால் வைத்துவிட்டு எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாப்பாக்கோயில் தாண்டி இருட்டிவிட்டது. ரோட்டோரம் முழுக்கக் காவி உடையில் நடைப்பயணக்காரர்கள். தெற்கே வாணம் வெடித்து வானம் வெளுத்தது. எங்கோ ஒரு அம்மா "மரியே வாழ்க" என்று குரல் எடுக்க, ரோடு முழுக்க அந்தச் சத்தம். கொடி ஏறிவிட்டது என்று புரிந்தது. நிறுத்தினோம். கடைசி ஆள் வந்தார், இறங்கினார், தண்ணீர் குடித்தார். பிறகு ஜெபம்.

நான் 200 கி.மீ. பி.ஆர்.எம். (நேரக் கெடு வைத்து நடத்தும் நெடுந்தூர சைக்கிள் பயணம்) இரண்டு முறை முடித்தவன். எப்போதும் தனியாக ஓட்டிப் பழகியவன். நீங்களாக இருந்தால் அந்த ரவுண்டானாவில் என்ன செய்திருப்பீர்கள்?

#2 இரவுச்சவாரி

நல்ல பதிவு. ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை, ஒளிக்காமல் சொல்கிறேன்.

குழுவைக் கடைசி ஆளின் வேகத்துக்குக் கட்டிப்போட்டால் எல்லாருக்கும் ஆபத்து கூடும். வேகமாக ஓட்டுகிறவன் மெதுவாக ஓட்டினால் சீட்டில் உட்காரும் நேரம் கூடுகிறது, புண் வருகிறது, கவனம் சிதறுகிறது. அதைவிட முக்கியம், பதினோரு பேரும் இருட்டில், திருவிழாக் கூட்டத்துக்குள், லாரி ரோட்டில் மாட்டிக்கொண்டீர்கள். நாலு பேர் வெளிச்சத்திலேயே போய்ச் சேர்ந்திருந்தால் இருட்டில் ஏழு பேர்தான். 200 கி.மீ.க்கு பதின்மூன்றரை மணி நேரம் என்று பி.ஆர்.எம்.மில் கெடு வைத்திருப்பது மனசில்லாமல் இல்லை. அவரவர் உடம்பை அவரவர் அறிந்து ஓட்ட வேண்டும் என்பதற்காகத்தான்.

அவரை வண்டியில் ஏற்றியிருக்க வேண்டும். அதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

#3 பழைய_ஹெர்குலிஸ்

தம்பி அடையாறு, படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன். 1983-ல் தஞ்சாவூரிலிருந்து நாங்கள் ஐந்து பேர் மாதா கோயிலுக்குச் சைக்கிளில் போனோம். இரண்டு வண்டி சொந்தம், மூன்று வாடகை. கியரா, ஹெல்மெட்டா? டைனமோ லைட்டு, அதுவும் ஏற்றத்தில் மங்கிவிடும். கேரியரில் அவலும் வெல்லமும். இரண்டு வாடகை வண்டிக்குச் செயின் அறுந்து திருவாரூரிலேயே ஒரு ராத்திரி. கொடியைத் தவறவிட்டது நீங்கள் மட்டும் இல்லை.

ஒரு திருத்தம். உங்கள் லுத்தரன் நண்பர் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் தமிழில் முதல் அச்சு தரங்கம்பாடி இல்லை. 1578-லேயே சேசு சபைக் குரு அண்டிரிக்கு அடிகளார் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டுவிட்டார். 16 பக்கம், தமிழ் எழுத்திலேயே. சீகன்பால்கு வருவதற்கு ஒன்றேகால் நூற்றாண்டு முன்னால்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் விட்டுவைத்ததில்லை. நீங்கள் கடந்த அதே கொள்ளிடக் கரையில், மேற்கே ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர், தரங்கம்பாடி லுத்தரன்களை மறுத்துக் காரமாக எழுதியவர். அவர்களும் சும்மா இருக்கவில்லை. என் அப்பா காலம் வரை எங்கள் தெருவில் ஆர்.சி. வீட்டுப் பிள்ளை 'வேதக்காரர்' சர்ச்சுக்குள் கால் வைத்தால் அடி விழும். ஆறும் நாலும் சேர்ந்து ஒரே பம்பில் காற்றடித்துக்கொண்டு மாதா கோயிலுக்குப் போனார்கள் என்று படிக்கும்போது எனக்கு என்ன தோன்றும் என்று நினைத்துப் பாருங்கள்.

#4 தரங்கைப்_பெண்

ஹெர்குலிஸ் ஐயா சொன்னது சரி. நாங்களும் ஊரில் பேச்சுவாக்கில் "முதல் அச்சு" என்று சொல்லிவிடுகிறோம். சரியாகச் சொன்னால், இந்திய மொழிகளிலேயே முதன்முதலில் அச்சான புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715-ல் வந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு. அச்சுப்பொறி இங்கிலாந்திலிருந்து வந்தது, தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலேயில் வார்த்து அனுப்பினார்கள். அந்த எழுத்து பெரிதாக இருந்ததால் காகிதம் போதவில்லை என்று இங்கேயே சின்னதாக வார்த்தார்கள். காகிதத்துக்கும் பஞ்சம். பொறையாரில் கடுதாசிப்பட்டறை என்று இன்றைக்கும் ஒரு இடம் இருக்கிறது. சீகன்பால்கு காலத்தில் காகிதம் செய்த பட்டறையின் பெயர்தான் அது. பட்டறை போய்விட்டது, பெயர் நிற்கிறது. நீங்கள் அதன் பக்கமாகத்தான் மிதித்துப் போயிருப்பீர்கள்.

அடுத்த முறை கோட்டையோடு நின்றுவிடாமல் கடலோரம் தெற்கே நடந்து பாருங்கள். 2004 டிசம்பர் 26-ல் எங்கள் ஊர் மீனவர் தெரு எவ்வளவு போனது என்று அங்கே இருப்பவர்கள் சொல்வார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல். அன்றைக்கு ஞாயிறு. கிறிஸ்மஸுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணியில் வெளியூர்க் கூட்டம் நிறைய இருந்தது. நடைப்பயணக்காரர்களில் சிலர் சாமி கும்பிட வருவதில்லை, அங்கே தொலைத்தவர்களைப் பார்க்க வருகிறார்கள். அவர்களை வேகமாகத் தாண்டிப் போகும்போது மணியடிக்காமல் "ஓரம்ங்க" என்று சொல்லிப் போங்கள், புண்ணியமாகப் போகும்.

#5 மோர்க்குடம்

நான் எந்த மதமும் பின்பற்றாதவன். கேட்க நினைப்பதை நேராகக் கேட்கிறேன், அடையாறு. பத்துப் பேருக்கு நடுவில் நீங்கள் ஒருவர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஜெபம். உங்களை யாராவது மதம் மாறச் சொன்னார்களா? மாற்றச் சொல்லாவிட்டாலும் நீங்களும் கண்ணை மூடிக் கைகட்டி நிற்க வேண்டியிருந்ததா? இந்த மாதிரிக் குழுவில் எங்களைப் போன்றவர்கள் சேரலாமா என்பதற்காகக் கேட்கிறேன்.

#6 அடையாறு_மிதி

கேட்டது நல்லது. ஒன்று நடந்தது, அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

தரங்கம்பாடியில் மத்தியானம் சாப்பிட்டு வேப்பமர நிழலில் படுத்திருந்தோம். திருக்கடையூரில் பொங்கல் வேண்டாம் என்ற தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவன் வாழ்க்கையில் நடந்ததை எல்லாம் சொன்னான். குடியிலிருந்து மீண்டது, வேலை கிடைத்தது. கேட்க எனக்குப் பிடித்திருந்தது. பிறகு "அண்ணா, நீங்களும் அவரை ஏத்துக்கிட்டீங்கன்னா…" என்று ஆரம்பித்தான். எனக்கு முகம் இறுகிவிட்டது. என்ன சொல்வது என்று தெரியவில்லை. டீச்சர் படுத்த இடத்திலிருந்து எழாமலே சொன்னார்: "தம்பி, அவர் நம்மகூட சைக்கிள் ஓட்ட வந்திருக்கார். நீ சொல்ல வேண்டியதைச் சொல்லிட்ட. இனி அவர் கேட்டா பேசு." அவன் சரி என்று எழுந்துபோனான்.

அரைமணி நேரம் எனக்கு மனசு ஒட்டவில்லை. இங்கே ஏன் வந்தோம் என்று தோன்றியது உண்மை. காரைக்காலுக்கு முன்னால் என் பின் டயர் பஞ்சர். யாரும் கேட்கும் முன்னால் அவன் இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, டயருக்குள் விரல் விட்டுத் தடவித் தடவிக் கம்பித் துண்டைக் கண்டுபிடித்து எடுத்தான். விரலில் ரத்தம். ரெண்டு பேரும் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. அன்றிரவு பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்தோம்.

ஜெபத்தின்போது நான் வட்டத்தில்தான் நின்றேன், கண்ணை மூடவில்லை. யாரும் மூடச் சொல்லவில்லை. சேரலாமா என்றால், அந்த டீச்சரைப் போல ஒருவர் இருக்கும் குழுவா என்று பார்த்துச் சேருங்கள். இல்லாத குழுவில் நானே சேர மாட்டேன்.

#7 கிண்டி_அக்கா

எல்லாரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள், நான் சின்ன விஷயம் கேட்கிறேன். அந்த இரண்டு பெண்கள் பாத்ரூமுக்கு என்ன செய்தார்கள்? சிதம்பரத்துக்குத் தெற்கே பெட்ரோல் பங்க்கில் கதவு பூட்டியிருக்கும், சாவி இல்லை என்பார்கள். இந்த ஒரே காரணத்துக்காக நான் இரண்டு முறை திரும்பி வந்திருக்கிறேன். தண்ணீர் குடிக்காமல் ஓட்டிச் சிறுநீர்த் தொற்று வந்து படுத்த தோழி எனக்கு உண்டு.

#8 அடையாறு_மிதி

அக்கா, இது சின்ன விஷயமே இல்லை. டீச்சரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

வழியில் உள்ள சர்ச் வளாகங்களுக்கும் மிஷன் பள்ளிகளுக்கும் ஒரு மாதம் முன்னாலேயே அவர் போன் செய்து பேசியிருக்கிறார். இத்தனை மணிக்கு வருவோம், இரண்டு பெண்கள், கழிப்பறையும் உடை மாற்ற ஒரு அறையும் வேண்டும் என்று. எங்கேயும் மறுக்கவில்லையாம். சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டி ஒருவர் எட்டு மணிக்கே சாவியோடு வாசலில் நின்றார். திருவிழா நாட்களில் நடைப்பயணக்காரர்களுக்காக வழி நெடுகப் பந்தல் போட்டு மோரும் சாப்பாடும் கொடுக்கிறார்கள். அங்கே தண்ணீருக்குக் குறைவில்லை, கழிப்பறைக்குத்தான் திட்டம் வேண்டும் என்று டீச்சர் சொல்லச் சொன்னார். முக்கால் மணிக்கு ஒரு முறை கட்டாயம் குடிக்க வேண்டும், ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ்., இன்னொன்றில் வெறும் தண்ணீர் என்று எங்கள் எல்லாரையும் அவர்தான் மிரட்டிக்கொண்டிருந்தார்.

#9 இரவுச்சவாரி

நான் எழுதியதற்கு இன்னும் பதில் வரவில்லை. கடல்காற்றில் அவரை எப்படிக் காப்பாற்றினீர்கள்? காற்று இடது முன்னாலிருந்து வந்தால் முன்னால் போகிறவரின் வலது பின்பக்கம்தான் மறைவு. நம் ஊரில் அது லாரி வரும் பக்கம். அங்கே ஒரு சோர்ந்த ஆளை விட்டால் கொலைக்குச் சமம். ஒரே வரிசையில் விட்டால் மறைவே கிடைக்காது. ஆகவே அவர் தனியாகத்தான் காற்றைத் தின்றிருப்பார். அதனால்தான் 12 கி.மீ. அன்பு இருந்தால் போதாது.

#10 அடையாறு_மிதி

நீங்கள் சொல்வது அப்படியே நடந்தது. பெரிய ரோட்டில் ஒரே வரிசைதான், வேறு வழியில்லை. காரைக்காலுக்குள்ளும் நாகூரில் தெருக்களுக்குள்ளும் லாரி இல்லாத இடத்தில் மட்டும், இரண்டு பேர் அவருக்கு இடது முன்னால் மண்ணோரமாக ஓட்டிக் காற்றைத் தடுத்தோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றினோம். மண்ணில் ஓட்டத் தடித்த டயர் வேண்டும். என் 25 எம்.எம். திணறியது, 35 போட்டிருந்தவர்கள் சமாளித்தார்கள். நாகூரில் தர்கா மினாராக்கள் தெரிந்ததும் அவர் தானாகவே நிறுத்தச் சொன்னார். ஒரு கடையில் சுடச்சுட 'வாடா' என்ற பலகாரம் வாங்கி வந்தோம். அவரால் ஒன்றுதான் சாப்பிட முடிந்தது.

வண்டியில் ஏன் ஏற்றவில்லை என்பதை நான் சொல்வது முறையில்லை. அவருக்கே இந்த இழையை அனுப்பியிருக்கிறேன்.

#11 நெஞ்சகப்_பிரிவு

நான் நுரையீரல் மருத்துவம் பார்ப்பவன். நீங்கள் எழுதியதை வைத்து ஒன்றைச் சந்தேகிக்கிறேன், அதனால் பொதுவாக ஒரு எச்சரிக்கை. கொரோனாவில் ஆக்சிஜன் வைத்துப் பிழைத்தவர்களில் சிலருக்கு நுரையீரலில் தழும்பு நிற்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அளவு 97 காட்டும், மிதிக்கும்போது இறங்கும். நீண்ட பயணத்துக்கு முன்னால் ஆறு நிமிட நடைப் பரிசோதனையும் மூச்சளவுப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைக் கையில் வைத்து, நிறுத்தி ஓய்வெடுத்த பிறகு அல்ல, மிதித்து நின்ற உடனே பாருங்கள். 90-க்குக் கீழே போனால் அன்றைய பயணம் முடிந்தது. முழு வாக்கியம் பேச முடியாத அளவு மூச்சு வாங்கினாலும் அப்படியே. இதில் வைராக்கியத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

#12 கடைசி_ஆள்

வணக்கம். அடையாறு தம்பி அனுப்பியதைப் படித்தேன். இந்த இழையில் எழுதத்தான் இங்கே பெயர் பதிந்தேன்.

டாக்டர் சந்தேகம் சரி. 2021 மே மாதம் பதினாறு நாள் ஆக்சிஜனில் இருந்தேன். என் மனைவியிடம் அவர்கள் நம்பிக்கையாக எதுவும் சொல்லவில்லை. குழுவை நடத்திய அண்ணன் எனக்கு இருபத்திரண்டு வருட நண்பர். அவர்தான் ராத்திரியில் சிலிண்டருக்காக அலைந்தவர். நான் பிழைத்தால் சைக்கிளில் வருகிறேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டது அவர். எனக்காக.

நான் சி.எஸ்.ஐ. எங்கள் வீட்டில் நேர்ச்சை, மாலை, மெழுகுவர்த்தி எதுவும் கிடையாது. மாதாவை நோக்கி ஜெபிப்பதும் கிடையாது. அவர் போன வருடம் இதைச் சொன்னபோது "நீ போ, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை" என்றுதான் சொன்னேன். பிறகு யோசித்தேன். என் உயிருக்காக ஒருவன் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறான். அதை நிறைவேற்ற 300 கி.மீ.க்கும் மேல் மிதிக்கப் போகிறான். நான் வீட்டில் உட்கார்ந்து அவன் நம்பிக்கை சரியா தப்பா என்று பேசிக்கொண்டிருப்பதா? நானும் வருகிறேன் என்றேன். அவன் அழுதுவிட்டான். டாக்டரிடம் காட்டி, பரிசோதனை எல்லாம் செய்து, ஆறு மாதம் பயிற்சி எடுத்தேன். ஆக்சிமீட்டர் சட்டைப் பையில்தான் இருந்தது. அன்று மாலை ஒவ்வொரு நிறுத்தத்திலும் டீச்சர் பார்த்தார். 93-க்குக் கீழே இறங்கவில்லை. 90 வந்தால் வண்டியில் ஏறுவதாக டீச்சருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். வரவில்லை, அதனால் ஏறவில்லை.

ரவுண்டானாவில் நீங்கள் எல்லாரும் போயிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். பத்துப் பேரின் திருவிழாவைக் கெடுக்கிறேன் என்று நாகூரிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது. வாணம் வெடித்தபோது அண்ணன் என் தோளில் கை வைத்து, "இதுக்குத்தான்டா வந்தேன், நீ மூச்சு வாங்கறதைக் கேட்கத்தான்" என்றான். அதற்குப் பிறகு உறுத்தல் இல்லை.

மறுநாள் காலை அவன் மாதா குளம் வரை மணலில் முழங்காலில் போனான். நான் முழங்கால் போடவில்லை. அவன் செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். முட்டி தோல் உரிந்திருந்தது. நடுவில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, "உனக்கு இது பிடிக்காதுன்னு தெரியும்" என்றான். "பேசாம போ" என்றேன்.

#13 பழைய_ஹெர்குலிஸ்

தம்பி, என் வயதுக்கு நான் உங்களை வணங்குகிறேன். வேறொன்றும் எழுத வரவில்லை.

#14 இரவுச்சவாரி

கடைசி_ஆள் சார், வண்டியில் ஏற்றியிருக்க வேண்டும் என்று எழுதியதற்கு வருந்துகிறேன். அளவு பார்த்து, கெடு வைத்து ஓட்டியிருக்கிறீர்கள். நான் கேட்டதும் அதைத்தான்.

ஆனால் இருட்டைப் பற்றிச் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். நாகைக்கும் வேளாங்கண்ணிக்கும் நடுவில் திருவிழா இரவில் நடைப்பயணக்காரர் முதுகில் ஒளிப்பட்டை இருக்காது, பைக்குகள் எதிர்ப்பக்கம் வரும். அடுத்த வருடம் போவதாக இருந்தால் தரங்கம்பாடியில் மத்தியான ஓய்வை ஒரு மணி நேரம் குறையுங்கள், அல்லது ஞாயிறு ஆராதனை முடிந்து சிதம்பரத்தோடு நிற்காமல் சீர்காழி வரை போய்விடுங்கள். இருபது கி.மீ. மிச்சமாகும். எல்லாருக்கும் பின்னால் சிவப்பு விளக்கு இரண்டு, ஒன்று அணைந்தால் இன்னொன்று. பதினொரு பட்டை வேஸ்ட்கோட் என் செலவில் தருகிறேன், மறுக்காதீர்கள்.

#15 கிண்டி_அக்கா

பன்னிரண்டாக வாங்குங்கள். டீச்சர் நம்பரைத் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறேன். அடுத்த ஆகஸ்டுக்குள் 100 கி.மீ. பழகிவிடுவேன்.

#16 கடைசி_ஆள்

மேடம், தாராளமாக வாருங்கள். முதல் மாதம் 20 கி.மீ.யில் ஆரம்பியுங்கள். நான் ஆரம்பித்தது 3 கி.மீ., அதுவும் தெருவுக்குள்ளே.

அடையாறு தம்பி, காரைக்காலுக்கு முன்னால் பஞ்சர் போட உன் டயர் லிவரை வாங்கிய நம்ம தம்பி அதை என் பையில் போட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பத்தரைக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். வந்து வாங்கிக்கொள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.